காத்தமுத்து பால்மரத்துக்கு வணக்கம் வைத்த வாரம்

ஜூன் 8, செவ்வாய்

விடியும் முன்பே மழை. விடியும் முன்பே என்பதும் சந்தேகம்தான். ஜப்பான்காரன் மாற்றி வைத்த டோக்கியோ நேரப்படி விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கெடா சூரியனுக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை. பெரட்டுக் களத்தில் ஒரே சேறு. பேர் கூப்பிடும்போது மேஸ்திரி வேலை பார்க்கிற மண்டோர் வழுக்கி உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் இருமினேன்.

மருந்து அலமாரி நிலவரம்:
மலேரியாவுக்குக் கொய்னா – தண்ணீரில் கலந்து, மறுபடியும் கலந்து, இப்போது கசப்பின் ஞாபகம் மட்டும்.
விளக்கெண்ணெய் – இல்லை. கடைசிப் போத்தலை ஜப்பான்காரன் தன் லோரிக்கு ஊற்றிக்கொண்டு போனான். லோரிக்கு என்ன மலச்சிக்கலோ.
பெர்மாங்கனேட் – அடியில் கொஞ்சம்.
எசரின் கண் சொட்டு – முக்கால் போத்தல். இது ஆஸ்பத்திரிச் சொத்து இல்லை. என் சொத்து.

என் இடது கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறுகிற வியாதி. சொட்டு விடாவிட்டால் விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரியும். அப்படியே விட்டால் வளையமும் தெரியாது, விளக்கும் தெரியாது. ஜப்பான்காரன் வந்ததும் பினாங்குப் பக்கம் ஓடிப்போன வெள்ளைக்கார டாக்டர் போகிற அவசரத்தில் என் கையில் திணித்த போத்தல் இது. "இது கண்ணுக்கு மட்டும்னு நினைச்சுக்காதே. ஊமத்தை தின்னவனுக்கு மாற்று மருந்தும் இதுதான்" என்றார். அந்த மனிதர் என்னிடம் பேசின நீளமான பேச்சு அது ஒன்றுதான். வேறு போத்தல் இனி சுங்கைப்பட்டாணியில் இல்லை, கூலிமில் இல்லை. கேட்டுப் பார்த்தாயிற்று.

முன்பெல்லாம் லயத்து வரிசை வீடுகளில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற எனக்கு 'டிரெசரய்யா' என்று பேர். கொய்னா தண்ணியான பிறகு 'தண்ணி டிரெசர்'. கள்ளைக் குடித்தாவது அந்தப் பேரை வாங்கியிருக்கலாம். இத்தனை வருஷ சர்வீஸில் யாரும் என்னைப் பாராட்டியது கிடையாது. டாக்டர் ஒரு தடவை என் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். வீட்டில் வந்து பெருமையடித்தேன். ஈ விரட்டியிருப்பார் என்றாள் என் பெண்சாதி பாக்கியம்.

சேதி: சனிக்கிழமை ஜப்பான் டாக்டர் வருகிறான். பெரட்டில் ஆண்பிள்ளைகளை நிறுத்தி, திடமாக இருப்பவனைப் பார்த்து சயாமுக்கு ரயில் பாதை போட எடுப்பானாம். ஆபீஸ் கணக்கெழுதுகிற பெரிய கிராணி பேர்களை எழுதிக் கொடுத்துவிட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற காத்தமுத்து பேரும் உண்டு. அவன் கள்ளுக்கடை வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். "சயாமுக்கா? நான் ரெடி. மூணு மாசம், அரிசிச் சோறு. இங்க உக்காந்து மரவள்ளி தின்னு வயிறு ஊதுறதுக்கு அங்க போலாம்லா."

போன லோரியில் போனவர்களிடமிருந்து ஒரு கடிதாசிகூட வரவில்லை. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. நானும்.

ஜூன் 9, புதன்

மழை விட்டது. புழுக்கம். எதிலும் மனம் ஒட்டவில்லை. புண் கட்டுகிற துணிகளைத் துவைத்துக் காயப்போட்டு, எடுத்து, மறுபடி துவைத்தேன்.

ராக்கு வந்தாள். காத்தமுத்து பெண்சாதி. கையில் ஒரு காயமும் இல்லை, கட்டுப் போடச் சொல்லி நீட்டினாள். கூட்டம் கலையட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அய்யா, அதுக்குப் பேதி ஆவுற மாதிரி எதாவது குடுங்க."
"எதுக்கு?"
"எம் புருசனுக்கு. சனிக்கிழம வரைக்கும்."
"பேதி மருந்து இருந்தா முதல்ல பெரிய கிராணிக்குக் குடுத்திருப்பேனே, பிள்ளை."

சிரிக்கவில்லை. அழவும் இல்லை. "அது போறேன் போறேன்னு குதிக்குது. சொன்னா கேக்காது. நீங்களும் அதுகிட்ட சொல்லிடாதீங்க. அடிச்சாலும் அடிக்கும்" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஊதா மருந்து தடவிக் கட்டி அனுப்பினேன். வெறுங்கைக்கு.

சாயங்காலம் யார் வந்தது என்று நினைக்கிறாய், நோட்டே? காத்தமுத்து. ஆஸ்பத்திரிப் பக்கம் மூன்று தடவை போய்த் திரும்பி, கடைசியில் நுழைந்தான்.

"அய்யா, எனக்கில்ல. ஒரு கூட்டாளிக்கு. ஒரு நாள் மட்டும் காய்ச்சல் வர்றதுக்கு வழி இருக்கா?"
"கூட்டாளி எந்த லயம்?"
"அது... பக்கத்து எஸ்டேட்."
"பக்கத்து எஸ்டேட் கூட்டாளிக்கு ஏன் உன் கை நடுங்குது?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். உண்மையைச் சொன்னான். போகப் பயமாம், தூக்கமே இல்லையாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் ரெடி என்று சொன்ன வாய். ராக்கு அவனை வீரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். "அதுக்கு மட்டும் தெரியக்கூடாதுய்யா." இவனும் சத்தியம் வாங்கிக்கொண்டான். என்னிடம் ஒன்றும் இல்லை, போ என்றேன்.

ஆக, ஒரே வீட்டு ரகசியம் இரண்டு, என் வயிற்றில். நான் யார்? கிராணி வீட்டுக் கோழி முட்டை இடுவதைக் கோழிக்கு முன்னால் அறிவிக்கிறவன். சோறு இறங்கவில்லை. சோறு என்பது மரியாதைக்கு. மரவள்ளிதான்.

பாக்கியம்: "என்ன, வாயில கொழுக்கட்டையா?"
"ஒண்ணுமில்ல."
"ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லயே. உடம்பு சுடுதா?"

கையை வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குச் சொட்டு விட்டாள். இரண்டு துளி. தினமும் இது அவள் வேலை. என் கை எனக்கே நேராக வராது.

ஜூன் 10, வியாழன்

உச்சி வெயில். கூச்சல். மூன்றாம் நம்பர் வெட்டுக் காட்டில் காத்தமுத்துவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

போய்ப் பார்த்தால், ஒரு பால்மரத்துக்கு இடுப்பு வரை வளைந்து வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறான். ஜப்பான்காரன் அடித்துச் சொல்லிக்கொடுத்த வணக்கம், அளவு பிசகாமல். மரம் திருப்பி வணங்கவில்லை என்று அதன் மேல் கோபம். அடுத்த மரத்திடம் போய்ப் புகார். பத்து அடி தள்ளி நின்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கிட்டே போகும் வரைக்கும்.

உடம்பு தோசைக்கல். ஒரு பொட்டு வேர்வை இல்லை. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது. கண்மணி இரண்டும் விரிந்து, கண் முழுக்கக் கறுப்பு. இல்லாத நூலைக் காற்றில் பிடித்துப் பிடித்துச் சுற்றுகிறான். நாடி எண்ண முடியாத ஓட்டம். பேயாவது மண்ணாவது. ஊமத்தை விதை.

நான்கு பேர் தூக்கி வந்து கட்டிலில் போட்டார்கள். வயிற்றைக் கழுவ வேண்டும். ரப்பர் எஸ்டேட். சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை ரப்பர். என்னிடம் இருப்பது வெடிப்பு விட்ட ஒரே ஒரு ரப்பர் குழாய். துணி சுற்றிக் கட்டினேன். பெர்மாங்கனேட் தண்ணீர் விட்டேன். பாதி அவன் வயிற்றுக்கு, பாதி என் சட்டைக்கு. விதை கொஞ்சம் வந்தது. மரவள்ளி அடையும் வந்தது. அடைக்குள்ளேயும் அரைத்த விதை.

அதைப் பார்த்ததும் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. வாயில் மென்றது தனி. அடையில் அரைத்தது தனி.

ராக்கு வாசலில் நின்றாள். பார்த்தேன். "கொஞ்சந்தான்யா போட்டேன். சும்மா கிறுகிறுப்பு வரும்னு சொன்னாங்க" என்றாள். அவன் வாங்கின சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. "நீ கொஞ்சந்தான் போட்ட. அவனும் கொஞ்சந்தான் தின்னிருக்கான்." புரிய நேரம் ஆயிற்று. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்புக்கரியை இடிக்கச் சொல்லி அவள் கையில் உலக்கையைக் கொடுத்தேன். சும்மா உட்காரக் கூடாத நேரம். இடித்தாள். கரைத்துப் புகட்டினோம்.

அடங்கவில்லை. துள்ளுகிறான். கட்டில் நகர்கிறது. ஈரத்துணி போட்டால் ஆவி பறக்கிறது. போத்தலை எடுத்து வந்தேன்.

கண்ணுக்குச் செய்த மருந்து. இந்த வேலைக்கு எத்தனை துளி என்று டாக்டர் சொல்லவில்லை. ஓடினவர் திரும்பி வரவும் இல்லை. இதுவும் ஊமத்தையும் கயிற்றின் இரண்டு முனையில் நிற்கிற ஆட்கள். நான் இந்த முனையை அதிகமாக இழுத்தால் எச்சில் ஒழுகி, நாடி படுத்து, அந்தப் பக்கமாகப் போய்விடுவான். நாக்கில் விட்டேன். நாடியைப் பிடித்துக்கொண்டேன். பொறுத்தேன். மறுபடி விட்டேன்.

நாடி இறங்கிற்று. நெற்றியில் வேர்வை. எனக்கும். நூல் சுற்றுவது நின்றது. தலையைத் திருப்பி, "ஏண்டி அழுவுற? யாரு செத்தா?" என்றான்.

ராக்கு என் காலைத் தொட வந்தாள். நான் நகர்ந்தது அடக்கத்தால் இல்லை. சட்டையெல்லாம் அவன் வாந்தி.

வாசலில் இருந்த கூட்டம் "டிரெசரய்யா" என்றது. காதில் விழுந்தது. தண்ணியைக் காணோம்.

பெருமை சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. மருந்தின் வேகம் இறங்கினதும் மறுபடி ஆரம்பித்துவிட்டான். குடலில் விதை இருக்கிறது, அது தீர்கிற வரை இப்படித்தான். மறுபடி சொட்டு. மறுபடி தெளிவு.

ஜூன் 11, வெள்ளி

வெயில். காத்து இல்லை. பாக்கியம் கொண்டுவந்த காப்பி (வறுத்த மரவள்ளித் தூள், காப்பி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது).

காலையில் போத்தலில் அடியில் கொஞ்சம். அது எனக்கு என்று வைத்தேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அலமாரியின் பின்னால், காலி டப்பாக்களுக்கு நடுவில் வைத்தேன். வைத்துவிட்டு அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடந்தேன்.

ராக்கு ஒரு யோசனை சொன்னாள். மெதுவாக.

"அய்யா, நாளைக்கு அவன் வந்து போற வரைக்கும் இப்படியே விட்டா என்ன? பைத்தியம்னு விட்டுருவான்ல. அப்புறம் தெளிய வைங்க."
"நாளைக்கு வரைக்கும் விட்டா தெளிய வைக்க ஆள் இருக்காது, பிள்ளை."
"தெளிஞ்சா கூட்டிட்டுப் போயிருவானே."
"உசுரோட இருந்தாத்தானே கூட்டிட்டுப் போவான்."

இது எப்படிப்பட்ட ஆறுதல் என்று எனக்கே தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை காற்றில் நூல் சுற்றிக்கொண்டிருந்தது.

வெயில் ஏற ஏறக் காய்ச்சலும் ஏறிற்று. நாடி விட்டு விட்டு அடித்தது. தொண்டையில் கரகரப்பு. இப்போது மரத்துக்கெல்லாம் வணக்கம் இல்லை. கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. டப்பாக்களைத் தள்ளிவிட்டு எடுத்தேன். முழுவதும் விட்டேன். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி அதையும் விட்டேன். போத்தலைக் கழுவிக் குடிக்கிற கள்ளுக்கடைக்காரன் மாதிரி.

பிறகு பொறுத்திருப்பது ஒன்றுதான் வேலை. விரல் நாடியில். நாடி எனக்கு ஓடுகிறதா அவனுக்கு ஓடுகிறதா என்று குழப்பம்.

மதியம் போல ஒன்றுக்குப் போனான். நேற்றிலிருந்து இறங்காதது, கட்டில், பாய், என் வேட்டி, எல்லாம். உலகத்தில் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஜாதி டிரெசர் ஜாதி ஒன்றுதான். காய்ச்சல் விட்டது. தூங்கினான். இது மயக்கம் இல்லை, நிஜத் தூக்கம். குறட்டை.

எழுந்ததும் இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தேன்.

"நீ போட்டியா?"
"நீ தின்னியா?"
"பயமா இருந்துச்சு புள்ள."
"அத எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் வேற பயந்துகிட்டு கெடந்தேன்."
"அட, அடை நல்லா இருக்கேன்னு ரெண்டு கேட்டு வாங்கித் தின்னேன்."

அவன்தான் முதலில் சிரித்தான். கண்மணி இன்னும் சுருங்கவில்லை. கிட்டே இருப்பது தெரியாது, வெளிச்சம் கூசும், சில நாள் அப்படித்தான் என்று சொன்னேன். ராக்கு அவன் தலையில் முக்காடு போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து காலிப் போத்தலில் காய்ச்சி ஆறின தண்ணீர் ஊற்றி வைத்தேன். பாக்கியத்துக்குத் தெரிந்தால் அழுவாள், இல்லை திட்டுவாள். முதலாவதை என்னால் தாங்க முடியாது. சாயங்காலம் வழக்கம்போலச் சொட்டு விட்டாள். "எரியுதா?" "எரியுது" என்றேன்.

விளக்கைச் சுற்றி வளையம். சிவப்பும் பச்சையும்.

ஜூன் 12, சனி

மேகமூட்டம். பெரட்டு. லோரி இரண்டு.

ஜப்பான் டாக்டர் குட்டையான ஆள், கண்ணாடி. ஒவ்வொருவனாகக் கண், பல், நெஞ்சு பார்த்தான். மாடு வாங்குகிறவன்கூட இரண்டு வார்த்தை பேசுவான். இவன் விரலால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். திடமானவர்கள் லோரிப் பக்கம். லயத்துப் பெண்கள் வேலியோரம். யாரும் சத்தமாக அழவில்லை, அழுதால் அடி.

காத்தமுத்து முறை வந்தது. முக்காட்டை விலக்கினான். கண் கூசித் தலை குனிந்தது. டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தான். நாக்கை நீட்டச் சொன்னான். நாடி பிடித்தான். பிறகு கையை நாதஸ்வர வாய் மாதிரி விரித்துக் காட்டினான். ஊமத்தம்பூ. அவன் ஊரிலும் பூக்கும் போலிருக்கிறது. சிரித்தான். பெரிய கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழும் என்று நின்றோம். விழவில்லை. கண் சரியாக இவனுக்கு நாளாகும், வேலைக்கு ஆகமாட்டான் என்று அவனை லயத்துப் பக்கம் தள்ளிவிட்டான். ராக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதோடு போயிருக்கலாம். திரும்பினவன் நின்று மலாயில் கேட்டான். இவ்வளவு தின்றவன் பிழைத்தது ஆச்சரியம், யார் வைத்தியம் பார்த்தது?

பெரிய கிராணி வாயைத் திறக்கவில்லை. மண்டோர் வானத்தைப் பார்த்தார். எஸ்டேட்டே பேசாமல் நின்றது. என்னைக் காப்பாற்றத்தான் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். நடுவில் ஒரு கை மேலே போயிற்று. பார்த்தால் என் கை.

"பாகூஸ்" என்றான். நல்லது, கெட்டிக்காரன் என்று அர்த்தம். தோளில் தட்டினான். இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்த தட்டு. ஈ எதுவும் இல்லை, நன்றாகப் பார்த்தேன். எப்படிச் செய்தேன் என்று கேட்டான். கையும் காலும் ஆட்டி முழுக்கதையும் சொன்னேன், குழாயில் துணி சுற்றினது உட்பட. தலையாட்டிக் கேட்டான். பிறகு கிராணியிடம் திரும்பினான். கிராணியின் முகம் வெளுத்தது.

சயாமில் ஆயிரக்கணக்கான கூலிகள், டிரெசர் போதாது. இவனை எழுது. திங்கட்கிழமை சுங்கைப்பட்டாணி ஸ்டேஷன்.

எழுதினார்.

லோரிகள் போயின. ஏறினவர்களில் ஒருவன், ஆறுமுகம், போன மாசம் நான் கொப்புளம் கீறிவிட்டவன், கையாட்டி, "அங்க பாப்பம் டிரெசரய்யா" என்றான். நானும் கையாட்டினேன். வேறென்ன செய்ய.

ஜூன் 13, ஞாயிறு

மழை இல்லை, வெயில் இல்லை. உட்கார முடியவில்லை. கட்டினதை அவிழ்த்து மறுபடி கட்டுகிறேன்.

மூட்டை: வேட்டி இரண்டு. கம்பளி. கத்தரி, முள் பிடுங்குகிற சாமணம். துணி சுற்றின ரப்பர் குழாய். மிச்சக் கொய்னாத் தண்ணி பாதி. மீதி இங்கே. எது எதற்கு என்று பாக்கியத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். போத்தல்களை அவள் தன் பாட்டுக்கு இடம் மாற்றி அடுக்கிக்கொண்டே கேட்டாள். இனி ஆஸ்பத்திரி அவள் ராஜ்யம்.

காத்தமுத்துவும் ராக்குவும் வந்தார்கள். கடற்கரைத் தஞ்சோங் டாவாய்க் கருவாடு ஒரு பொட்டலம், எங்கே பிடித்தாளோ. கிட்டே பார்வை இல்லாததால் அவன் பொட்டலத்தைப் பாக்கியத்தின் கையில் வைப்பதாக நினைத்துத் தூணிடம் நீட்டினான்.

"அண்ணே, நான் போறேன் உங்களுக்குப் பதிலா." அய்யா போய் அண்ணே வந்திருக்கிறது.
"நீ போனா ஸ்டேஷன்ல கம்பத்துக்கெல்லாம் வணக்கம் வைப்ப."
சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ராக்கு பாக்கியத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டு வேலை, விறகு, தண்ணி எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பாக்கியம் அவள் தலையைத் தடவி, "அடை மட்டும் சுட்டுக் குடுத்துராத" என்றாள். எனக்கு வாய்த்தவள்.

அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது.

"பேச வேண்டிய அன்னிக்கு வாய மூடிக்கிட்டீங்க. மூட வேண்டிய அன்னிக்குக் கையத் தூக்கினீங்க."
"கைதானே தூக்கினேன்."
"அதுவும் வாய்தான் உங்களுக்கு."

மூட்டையை அவிழ்த்து அவளே மறுபடி கட்டினாள். கண் சொட்டுப் போத்தலை எடுத்து மேலாக, துணிக்குள் சுற்றி வைத்தாள். அங்கே யார் விடுவார்கள், நானே பழகிக்கொள்கிறேன் என்றேன். விளக்கு ஏற்றினாள். இன்றைக்கு வளையம் இரண்டு. வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று. சொல்லவில்லை.

சுற்றின போத்தலை மறுபடி வெளியே எடுத்தாள். "தலையச் சாய்ங்க."

"பாக்கியம், அது..."

"வெந்நீர்தான்னு வெள்ளிக்கிழமையே தெரியும். நான்தானே தினம் விடுறேன், மருந்து எது தண்ணி எதுன்னு எனக்குத் தெரியாதா. சாய்ங்க."

சாய்ந்தேன். இரண்டு துளி.

"எரியுதா?"

"எரியுது."